கருவிக்குப் பூச்சியம் காட்டும் காற்று

காற்றில் சல்பர் டை ஆக்சைடு இவ்வளவு, நைட்ரஜன் டை ஆக்சைடு இவ்வளவு, கார்பன் மோனாக்சைடு இவ்வளவு என்று எண்களை ஓடவிடும் மின்பலகைகளை நெல்லைச் சீமையில் பலரும் பார்த்திருப்பார்கள். தூத்துக்குடியின் அனல்மின் நிலையங்கள், ரசாயன ஆலைகள், தாழையூத்தின் சிமென்ட் ஆலை என்று புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கும் ஊர்களில் அந்த எண்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவற்றைக் காட்டித்தான் ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்கிறார்கள். ஆலைக்காரர்கள் விளக்கம் எழுதுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்புகிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றமும் அவற்றைத்தான் கேட்கிறது.

அந்த எண்ணைக் கொடுப்பது அனலைசர் என்னும் கருவி. ஆனால் ‘மாசே இல்லாத காற்று இப்படித்தான் இருக்கும்’ என்று அனலைசருக்குக் காட்டிக்கொடுப்பது வேறொரு கருவி. காற்றுத் தரத்தைக் கண்காணிக்கும் அறைக்குள் போனால், அனலைசர்களை அடுக்கிய ரேக்கின் அடியில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அவ்வப்போது ‘புஸ்’ என்று மூச்சு விடும். ஜீரோ ஏர் ஜெனரேட்டர் என்று அதைச் சொல்வார்கள். அறையைப் பார்க்க வருகிறவர்கள் திரையில் ஓடும் எண்களைக் கேட்பார்கள். இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் அரிது.

பேட்டை ஐடிஐ-யிலோ ஏதாவது ஒரு பாலிடெக்னிக்கிலோ படித்துவிட்டு ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முதன்முதலாகக் கால் வைக்கும் பிள்ளைகளையும், தன் ஊர்க் காற்றைப் பற்றிக் கவலைப்படும் எவரையும் மனத்தில் வைத்து இந்தப் பெட்டியை விளக்குகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பெட்டி கொடுக்கும் காற்றில் மாசு தங்கியிருந்தால், ஊரின் காற்று உண்மையில் இருப்பதைவிடச் சுத்தமானதாகத் தெரியும். பூச்சியத்தில் நேரும் இந்தத் தவறு நமக்குக் கேடான பக்கமாகத்தான் சாயும். இந்தப் பெட்டியின் மீது எனக்கு இருக்கும் அக்கறைக்கு அதுவே காரணம்.

அனலைசருக்குத் தானாகப் பூச்சியம் தெரியாது

சல்பர் டை ஆக்சைடை அளக்கும் அனலைசரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு சிறிய அறை இருக்கிறது. வெளிக்காற்றை அந்த அறைக்குள் இழுத்து, அதன் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறது கருவி. சல்பர் டை ஆக்சைடு மூலக்கூறு அந்த ஒளியை வாங்கிக்கொண்டு, அலைநீளம் கூடிய வேறோர் ஒளியை உமிழ்கிறது. மிக மெல்லிய அந்த ஒளிர்வை ஓர் உணரி மின்னழுத்தமாக மாற்றுகிறது. மாசு கூடினால் மின்னழுத்தமும் கூடும். கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மைக்ரோகிராம், பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கு) எல்லாம் நாம் அதற்குச் சொல்லிக்கொடுப்பவை.

அறைக்குள் ஒரு மூலக்கூறுகூடச் சல்பர் டை ஆக்சைடு இல்லாவிட்டாலும் மின்னழுத்தம் முழுதாக இறங்கிவிடாது. சுவரில் பட்டுச் சிதறும் ஒளி கொஞ்சம் உணரிக்குள் நுழையும். இருட்டிலும் உணரி தானாகக் கொஞ்சம் மின்னோட்டம் கொடுக்கும். விளக்கு பழையதாக ஆக, அறையின் வெப்பம் ஏறி இறங்க, இந்த அடிமட்டமும் நகரும். ஆகவே கருவியை இரண்டு இடங்களில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முதலில் மாசில்லாத காற்றைக் கொடுத்து ‘இது பூச்சியம்’ என்று சொல்கிறோம். அடுத்து, அளவு தெரிந்த மாசு கலந்த காற்றைக் கொடுத்து ‘இது 400’ என்று சொல்கிறோம். முன்னதை ஜீரோ என்றும் பின்னதை ஸ்பான் என்றும் தொழிலில் வழங்குகிறார்கள். இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் கருவி காட்டும் மற்ற எண்கள் எல்லாம் அமைகின்றன. காலிபரேஷன், அளவுத்திருத்தம் என்று சொல்வது இதைத்தான்.

முதல் புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உடன்குடிக் கருப்பட்டிக் கடையின் மின் தராசு போதும். தட்டில் 50 கிராம் எடைக்கல் கிடப்பதைக் கவனிக்காமல் கடைக்காரர் பூச்சியப் பொத்தானை அமுக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு அதையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். கல்லை எடுத்துவிட்டுக் கருப்பட்டியை வைத்தால், அன்று முழுவதும் ஒவ்வொரு நிறுவையிலும் 50 கிராம் குறைவாகவே காட்டும். அனலைசருக்கும் இதே கதிதான். மாசு கலந்த காற்றைப் பூச்சியம் என்று காட்டிவிட்டால், அந்த மாசின் அளவை அது பிறகு அளக்கும் ஒவ்வொரு காற்றிலிருந்தும் கழித்துவிடும்.

இதை எண்ணில் பார்த்தால்தான் கனம் புரியும். 2009 நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தேசியத் தர அளவின்படி, 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சல்பர் டை ஆக்சைடு 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கும் தொழிற்பகுதிக்கும் இதே வரம்புதான். 25 டிகிரி வெப்பத்தில் இது ஏறக்குறைய 30 பிபிபி. அதாவது காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் முப்பது. ஜீரோ காற்றில் 5 பிபிபி சல்பர் டை ஆக்சைடு தங்கியிருந்தால், ஒரு கன மீட்டருக்கு 13 மைக்ரோகிராம் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. உண்மையில் 85 இருக்கும் நாளில் கருவி 72 என்று காட்டும். வரம்பை மீறிய நாள், வரம்புக்குள் அடங்கிய நாளாகப் பதிவாகிவிடும். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் ஏட்டில் இருப்பது பொய்.

சிலிண்டர் போதாதா?

மாசில்லாத வாயு வேண்டும் என்றால் நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். புகைபோக்கிக்குள் அளக்கும் அனலைசர்கள் சிலவற்றுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே மாசு மிக அதிகம் என்பதால் சிறிய வேறுபாடு பாதிப்பதில்லை. ஊர்க்காற்றை அளக்கும் அனலைசருக்கு அது சரிப்படாது. ஒளிரத் தயாராக இருக்கும் சல்பர் டை ஆக்சைடு மூலக்கூறின் ஆற்றலை ஆக்சிஜன் தட்டிப் பறித்துக்கொள்ளும். ஆகவே ஒரே அளவு சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜனில் கலந்திருந்தால் அதிகமாகவும் காற்றில் கலந்திருந்தால் குறைவாகவும் ஒளிரும். அளக்கப்போவது காற்றை, எனவே திருத்துவதற்கும் காற்றுதான் வேண்டும். 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன், 1 விழுக்காட்டை ஒட்டி ஆர்கான் என்ற அந்தக் கலவை அப்படியே இருக்க வேண்டும்; மாசுகள் மட்டும் போக வேண்டும்.

ஆய்வகத்தில் தயாரித்த செயற்கைக் காற்றும் சிலிண்டரில் கிடைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் ஸ்பானுக்காகச் சிலிண்டரில் வரும் அடர்ந்த வாயுவை நீர்க்கச் செய்வதற்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் காற்று வேண்டுமென்றால், மணிக்கு 300 லிட்டர் போய்விடும். 150 பார் அழுத்தத்தில் நிரப்பிய 47 லிட்டர் சிலிண்டரில் அடங்குவது சுமார் 7,000 லிட்டர். ஒரு நாள் தாங்காது. ஆகவேதான் இருக்கும் காற்றையே எடுத்து, அங்கேயே சுத்தம் செய்து தரும் இயந்திரம் தேவைப்படுகிறது.

பெட்ரோல் பங்குகளின் ஓரத்தில் இருக்கும் வாகனப் புகைச் சோதனைக் கருவியும் ஒவ்வொரு சோதனைக்கும் முன் பூச்சியம் பார்த்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் காற்றை ஒரு கரி ஃபில்டர் வழியாக இழுத்தாலே அதற்குப் போதும். சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விழுக்காட்டுக் கணக்கில் இருப்பதால் அந்தச் சலுகை. நூறு கோடியில் ஒன்றைத் தேடும் கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்

ஜெனரேட்டருக்குள் நுழையும் காற்றில் எல்லா மாசுகளையும்விட அதிகமாக இருப்பது நீராவி. அதை மாசு என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அளவீட்டைக் கெடுப்பதில் அதற்கு ஈடு இல்லை. சல்பர் டை ஆக்சைடின் ஒளிர்வையும், நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு சேரும்போது தோன்றும் ஒளியையும் நீராவி மங்கச் செய்கிறது. அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியில், தானும் அந்த ஒளியை உறிஞ்சி எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது. குழாயின் உட்சுவரில் ஈரம் படிந்தால் சல்பர் டை ஆக்சைடு அதில் கரைந்து பிடித்துக்கொள்ளும். அதோடு, பின்னால் வரப்போகும் சுத்திகரிப்புப் பொருள்கள் பலவற்றை ஈரம் செயலிழக்கச் செய்யும். இத்தனை காரணங்களால் உலர்த்துவதுதான் முதல் வேலை.

நம் ஊர்க்கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடிக் கடற்கரையில் வெப்பம் 32 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக ஏறக்குறைய 34 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 70 விழுக்காடு என்றால் சுமார் 24 கிராம்.

ஜெனரேட்டரின் முதல் உறுப்பான கம்ப்ரஸர் அந்த ஒரு கன மீட்டரை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 மடங்கு அழுத்துகிறது. காற்று ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. அழுத்தியதால் சூடேறிய காற்றை உலோகச் சுருள்குழாயில் ஓடவிட்டு, மின்விசிறியால் மறுபடி 32 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். இப்போது இருக்கும் இடம் 0.2 கன மீட்டர். அதில் நீராவியாக நிற்கக்கூடியது 34 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மீதி 17 கிராமும் தண்ணீராகச் சொட்டிவிடும். ரசாயனம் எதுவும் வேண்டாம், குளிர்பதனமும் வேண்டாம்; வெறும் அழுத்தத்தாலேயே பத்தில் ஏழு பங்கு நீர் விழுந்துவிடுகிறது. இந்த இடத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். சொட்டிய நீர் ஒரு கிண்ணத்தில் சேரும். தானியங்கி வால்வு அவ்வப்போது திறந்து அதை வெளியே தள்ளும்.

கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாத வகையாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். அந்த எண்ணெயின் ஆவியே ஹைட்ரோகார்பன் மாசு. காற்றைச் சுத்தம் செய்ய வைத்த இயந்திரமே காற்றில் மாசைக் கலக்கக் கூடாது.

மிச்சமிருக்கும் 7 கிராம் என்ன ஆகிறது? இந்தக் காற்றை மீண்டும் சாதாரண அழுத்தத்துக்கு விட்டால் அதன் பனிநிலை சுமார் 6 டிகிரியாக இருக்கும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போகும்போது எந்த வெப்பத்தில் நீர் துளிர்க்கத் தொடங்குகிறதோ அதுதான் பனிநிலை. அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உலர்ந்த காற்று. அளவுத்திருத்தத்துக்கு வேண்டியது பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியோ அதற்கும் கீழோ உள்ள பனிநிலை. அப்படியென்றால் கன மீட்டருக்கு 1 கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கலாம். அதற்குச் சுருள்குழாய் போதாது.

இங்கேதான் இரட்டை உருளைகள் வருகின்றன. இரண்டிலும் மூலக்கூறு சல்லடை எனப்படும் மணிகள் நிரம்பியிருக்கும். சியோலைட் என்னும் கனிமத்தின் படிகம் அது. அதன் துளைகள் எல்லாம் ஒரே அளவு. துளை 3 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரை ஆயிரம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) உள்ள வகையில் நீர் மூலக்கூறு நுழையும், அதைவிடப் பெரிய நைட்ரஜனும் ஆக்சிஜனும் நுழையா. நுழைந்த நீர் துளையின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் அதிகம் ஒட்டும். அழுத்தம் குறைந்தால் விட்டுவிடும். அந்தக் குணத்தைத்தான் இயந்திரம் பயன்படுத்துகிறது. முதல் உருளையில் அழுத்தமான ஈரக்காற்று ஏறி, உலர்ந்து வெளியே போகும். அதே நேரத்தில் இரண்டாவது உருளையின் அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். நாம் கேட்ட ‘புஸ்’ ஓசை அதுதான். பிறகு, முதல் உருளையிலிருந்து வந்த உலர்ந்த காற்றில் ஒரு சிறு பங்கு இரண்டாவது உருளைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, பிடித்து வைத்திருந்த ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும். சிறிது நேரத்தில் வால்வுகள் மாறும்; உலர்த்திய உருளை ஓய்வுக்கும், ஓய்ந்த உருளை வேலைக்கும் போகும்.

உலர்த்திய காற்றில் ஆறில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோ இப்படிச் செலவழிப்பது வீண் அல்லவா என்று கேட்கலாம். அந்தச் சிறு பங்கு அழுத்தம் தளர்ந்தவுடன் பல மடங்கு விரிந்துவிடுகிறது. ஐந்து மடங்கு அழுத்தத்தில் இருந்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, வெளி அழுத்தத்தில் முழு அளவு இடத்தை நிரப்பும். அதனால்தான் கொஞ்சம் காற்று நிறைய ஈரத்தைச் சுமக்க முடிகிறது. மணிகளைச் சூடேற்றி உலர்த்தும் வேலையும், அடிக்கடி மாற்றும் வேலையும் மிச்சம். ஷூ பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரத்தைப் பிடிக்கும்தான். ஆனால் நிரம்பியவுடன் ஓய்ந்துவிடும். இந்த இரட்டை உருளை பகலும் இரவும் ஓயாமல் ஓடும். சவ்வுக் குழல்கள் வழியாக ஈரத்தைக் கசியவிட்டு உலர்த்தும் வகை இயந்திரங்களும் உண்டு. சிறிய அளவுக்கு அவை போதும்.

பிறகு மாசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி

உலர்ந்த காற்றில் இன்னும் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஒரே பொருளால் பிடிக்க முடியாது.

பெரும்பாலான வேலையைச் செய்வது கரி. சாதாரண அடுப்புக் கரியை விட்டுவிடுங்கள். நீராவியைப் பாய்ச்சி 900 டிகிரி அளவில் சூடேற்றி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகளைத் திறந்த கரி இது. ஆக்டிவேட்டட் கார்பன் என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். வாயுக்களைப் பிடிப்பதற்கு உலகம் முழுவதும் விரும்பி வாங்கப்படுவது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரி. சிரட்டை கெட்டியானது, அதன் துளைகள் மிகச் சிறியவை, வாயு மூலக்கூறுகளுக்கு ஏற்ற அளவு. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். தென்காசிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காயை உரித்து உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு குவியும் சிரட்டைக்கு இப்படி ஒரு மறுவாழ்வு இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கனமான ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை இந்தக் கரியில் அகப்பட்டுவிடும்.

நைட்ரிக் ஆக்சைடு மட்டும் கரிக்குப் பிடி கொடுக்காமல் நழுவிப் போகும். லாரி எஞ்சினிலிருந்தும் சிமென்ட் சூளையிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவரும்போது பெரும்பகுதி இந்த வடிவில்தான் இருக்கும். ஆகவே இதை விட்டுவிட முடியாது. வழி என்னவென்றால், அதை முதலில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிட வேண்டும். பிறகு கரி பார்த்துக்கொள்ளும். மாற்றுவதற்குப் பயன்படுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட். கிராமங்களில் குடிநீர்க் கிணற்றில் போடும் அதே ஊதா நிற உப்பு. அலுமினா உருண்டைகளில் அதை ஊறவைத்து ஒரு கலனில் நிரப்பியிருப்பார்கள். பியூராஃபில் என்ற வணிகப் பெயரில் அது புழங்குகிறது. ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அதன் வலு தீர்ந்துவிட்டது என்று பொருள். கண்ணாலேயே பார்த்துச் சொல்லக்கூடிய இந்த அடையாளம், மற்ற பொருள்களுக்கு இல்லாத வசதி.

வரிசை இங்கே உயிர்நாடி. முதலில் ஊதா உருண்டைக் கலன், அடுத்துக் கரிக் கலன். பராமரிப்புக்காகக் கழற்றியவர் மாட்டும்போது இடம் மாற்றிவிட்டால், கரி நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்காமல் அனுப்பும். அடுத்து வரும் உருண்டைகள் அதை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றி அப்படியே அனலைசருக்குத் தள்ளிவிடும். கலன்கள் இரண்டும் புதியவை, காற்றோ மாசுபட்டது.

கார்பன் மோனாக்சைடு இந்த இரண்டுக்கும் அடங்காது. அதைப் பிடித்து வைக்க முயல்வதைவிட, எரித்து கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவதே எளிது. மாங்கனீசு ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ஹாப்கலைட் என்னும் வினையூக்கி, அறை வெப்பத்திலேயே இதைச் செய்யும். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் விஷவாயு முகமூடிக்காக உருவான பொருள் அது. ஈரம் பட்டால் சீக்கிரம் செத்துவிடும் என்பதுதான் அதன் குறை. காற்றை முன்கூட்டியே உலர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாட்டினம், பல்லேடியம் பூசிய மணிகளை 350 டிகிரிக்கு மேல் சூடேற்றியும் இதைச் செய்யலாம். அந்தச் சூட்டில் ஹைட்ரோகார்பன்களும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போய்விடும். மீத்தேன் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு வெப்பம் இன்னும் கூட வேண்டும்.

கடைசியாக ஒரு நுண்ணிய ஃபில்டர். கரியிலிருந்தும் மணிகளிலிருந்தும் உதிரும் தூள் அனலைசருக்குள் போகாமல் அது தடுக்கும். நல்ல ஜெனரேட்டரின் விவர ஏட்டில், வெளிவரும் காற்றில் சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், ஓசோன் ஒவ்வொன்றும் 0.5 பிபிபி-க்கும் கீழ் என்று எழுதியிருக்கும்.

பூச்சியத்துக்கு மட்டும் அல்ல

ஸ்பான் காற்றைத் தயாரிப்பதும் இதே காற்றை வைத்துத்தான். சிலிண்டரில் வரும் நைட்ரிக் ஆக்சைடு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஐம்பது என்ற அளவில் இருக்கும். அனலைசருக்கு அது மிக அதிகம். அதிலிருந்து நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரை எடுத்து, 5 லிட்டர் ஜீரோ காற்றோடு கலந்தால் ஏறக்குறைய நூறு மடங்கு நீர்த்து 495 பிபிபி ஆகிவிடும். கலவையில் 99 பங்கு நம் பெட்டியிலிருந்து வந்த காற்று. அதில் ஓசோன் கொஞ்சம் மிச்சமிருந்தால், வழியிலேயே நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து அதைத் தின்றுவிடும். கருவிக்கு 495 என்று சொல்லிக் கொடுத்தது உண்மையில் 480 ஆக இருக்கும். அப்போது பூச்சியத்தோடு கோட்டின் மறுமுனையும் தவறிவிடுகிறது.

ஆய்வகங்களில், கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியின் ஹைட்ரஜன் சுடருக்கும் இந்த வகைக் காற்றுதான் ஊட்டப்படுகிறது. அங்கே ஹைட்ரோகார்பன் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். மற்றவை அவ்வளவு பாதிப்பதில்லை.

நம் ஊரில் இந்தப் பெட்டி படும் பாடு

ஒரே பெட்டி தாமிரபரணிக் கரையில் ஒரு வகையாகவும் தூத்துக்குடியில் வேறு வகையாகவும் உழைக்கும். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று சமவெளிக்கு வரும்போது வறண்டிருக்கும். உலர்த்தும் உருளைகளுக்கு வேலை குறைவு. ஆனால் தேரிக்காட்டுச் செம்புழுதி நுழைவாய் ஃபில்டரை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். நீர் வெளியேற்றும் வால்வு அடைத்துக்கொண்டால், தேங்கிய தண்ணீர் நேராக மூலக்கூறு சல்லடைக்குள் போய்விடும். நீராவியைப் பிடிக்கத்தான் அந்த மணிகள். தண்ணீரில் நனைந்தால் உடைந்து தூளாகும். கடலோரத்தில் உப்புத் துகளும் சேர்ந்துகொண்டு உலோக இணைப்புகளை அரிக்கிறது. மழை தொடங்குமுன் அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதை வழக்கமாக வைத்துக்கொள்வது மிக நல்லது.

பெட்டி எந்த இடத்துக் காற்றை இழுக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஏசி ஓடும் அறைக்குள்ளிருந்து இழுத்தால், ஏற்கெனவே பாதி ஈரம் போன காற்று கிடைக்கும். உருளைகளின் சுமை குறையும். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இழுத்தால் கரி வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். மின்வெட்டுக்குப் பிறகு மறுபடி ஓடத் தொடங்கியவுடனே காலிபரேஷன் செய்வதும் தவறு. வினையூக்கி சூடேற வேண்டும்; உருளைகளும் குழாய்களும் உலர வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

பெட்டியையே சோதிப்பது எப்படி?

கருவியைச் சோதிக்கும் காற்றை எதைக் கொண்டு சோதிப்பது என்ற கேள்வி நியாயமானது. சான்றிதழோடு வரும் உயர்தூய்மைச் செயற்கைக் காற்றுச் சிலிண்டர் இங்கேதான் உதவுகிறது. தினசரி வேலைக்குத் தாங்காத அந்தச் சிலிண்டரை, அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஜெனரேட்டர் காற்றையும், பிறகு சிலிண்டர் காற்றையும் அனலைசருக்குக் கொடுக்க வேண்டும். சிலிண்டர் காற்றில் எண் இன்னும் கீழே இறங்கினால், ஜெனரேட்டர் காற்றில் மாசு இருக்கிறது என்று பொருள். எண் பூச்சியத்துக்குக் கீழே, கழித்தல் குறியோடு வந்தால் அதைக் கருவியின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. முன்பு கொடுத்த பூச்சியம் மாசுபட்டிருந்தது என்று கருவி சொல்லும் சாட்சியாகவும் அது இருக்கலாம்.

சிலிண்டர் இல்லாத இடத்தில் இன்னொரு வழி உண்டு. ஜெனரேட்டருக்கும் அனலைசருக்கும் நடுவில், புதிய கரி நிரப்பிய கலன் ஒன்றைக் கூடுதலாக மாட்டிப் பார்க்கலாம். எண் மாறாவிட்டால் உள்ளே இருக்கும் கரி இன்னும் வேலை செய்கிறது. எண் இறங்கினால், பழைய கரி நிரம்பி மாசைக் கசியவிடத் தொடங்கிவிட்டது. நைட்ரிக் ஆக்சைடைச் சந்தேகித்தால், புதிய ஊதா உருண்டைக் கலனையும் புதிய கரிக் கலனையும் அதே வரிசையில் சேர்த்து மாட்டிப் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டிய காலத்தை இயந்திரத்தின் கையேடு சொல்லும். ஆனால் அது சராசரி ஊருக்கு எழுதியது. அனல்மின் நிலையத்தின் காற்றுப் போக்கில் இருக்கும் அறைக்கும் அம்பாசமுத்திரத்து வயல் ஓரத்தில் இருக்கும் அறைக்கும் ஒரே கெடு பொருந்தாது. புதிய கரியை நிரப்பினால், நிரப்பிய தேதியைக் கலனின் மேலேயே எழுதி ஒட்டி, தூள் பறந்து தீரும்வரை காற்றை வெளியே விட்டு, எண் அசையாமல் நின்ற பிறகே அனலைசரின் பூச்சியத்தைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் இருந்த எண்ணையும், தொட்ட பிறகு வந்த எண்ணையும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். முந்தைய வாரங்களின் அளவுகள் எவ்வளவு குறைவாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று பின்னால் யாராவது கேட்டால், பதில் அந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில் இருக்கும்.